இரத்தத்தில் வருவதா நினைவு?

சென்ற தவக்காலத்தில் கருங்குழிப் பகுதியில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, ஒரே வாரத்தில், ஒருவரையொருவர் அறியாத இருவர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். இருவருக்கும் நாம் சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் குறைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலாமவர் ஏரிப்பாசன வயல்களில் கூலி வேலை செய்பவர். ஒன்பது வயது மகன் புதுநன்மை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். விசுவாசப் பிரமாணம் பிலாத்துவின் பெயர் வரை வரும், அங்கே நின்றுவிடும். உபதேசியார் மூன்று மாதம் முயன்று சலித்துப் போனார். தந்தையிடம் பேசலாமென்று போனோம். அவர் நமக்கு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "விட்டுடுங்க சாமி. எங்க அப்பாவுக்கும் படிப்பு ஏறல, எனக்கும் ஏறல. இவனுக்கு மட்டும் எங்கேருந்து வரும்? ரத்தத்துலயே இல்ல சாமி." மகன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வீடு இரயில் நிலையத்தை ஒட்டியது. ஐம்பதைக் கடந்த பள்ளி ஆசிரியை ஒருவர், எண்பத்திரண்டு வயதுத் தாயைப் பராமரித்து வருகிறார். பெற்ற மகளையே, இறந்துபோன தன் தங்கையின் பெயரால் அழைக்கிறார் அந்தத் தாய். காலையில் உண்டதை நண்பகலில் மறுக்கிறார். ஆனால் செபமாலையைக் கையில் கொடுத்தால் ஐந்து தேவ இரகசியங்களையும் வரிசை பிறழாமல் சொல்லி முடிக்கிறார். நற்கருணை வழங்கிவிட்டு நாம் எழும்போது, ஆசிரியை வாசற்படி வரை வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா, சாமி? என் பொண்ணுக்கும் வருமா? பரம்பரைல வர்றதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான்." மறுமாதம் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

இருவருக்கும் நாம் சொன்னது ஒன்றே: "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்." சொன்னது பொய்யன்று. ஆனால் அது பதிலும் அன்று. பதிலிலிருந்து தப்பிச் செல்லும் வழி. குருக்களாகிய எம்மைப் போன்றோர் அவ்வழியில் அடிக்கடி நடந்து பழகிவிட்டோம். அன்றிரவு வெட்கப்பட்டு, புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம்.

பரம்பரை இயல்புகள் எவ்வாறு வழிவழியாக வருகின்றன என்பதை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு துறவியே. புருனோ நகரில் அகுஸ்தினார் சபை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிய கிரகோர் மெண்டல், தம் முடிவுகளை 1866-இல் அச்சேற்றினார். உலகம் அவற்றைக் கவனிக்க 1900 வரை ஆயிற்று. பட்டாணி மணி உருண்டையா, சுருக்கமா என்பதை ஒரே மரபணு முடிவு செய்கிறது. மனித நினைவாற்றல் அப்படிப்பட்டதன்று. அதில் பங்குகொள்ளும் மரபணு வேறுபாடுகள் மிகப் பல. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவே. மேலும் நினைவு என்பது ஒரே பொருளும் அன்று. முகத்தை நினைவிற்கொள்வது வேறு, வழியை நினைவிற்கொள்வது வேறு, செபத்தை நினைவிற்கொள்வது வேறு. பெண்ணின் முகத்தை மறந்த அந்தத் தாய், செபமாலையை மறக்கவில்லையே.

ஆயினும் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லி ஆறுதல் தேடுவது நேர்மையன்று. சுவீடன் நாட்டில் எண்பது வயதைக் கடந்த இரட்டையர்களை ஆராய்ந்து 1997-இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரையும், உடன்பிறந்தோர் அளவுக்கே ஒற்றுமையுள்ள இரட்டையரையும் ஒப்பிட்டபோது, நினைவாற்றலில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்கு மரபணுக்களே காரணம் என்று கண்டனர். பாதி என்பது சிறிய பங்கன்று.

இந்தப் "பாதி" என்னும் சொல்லில்தான் பலர் தடுமாறி விழுகின்றனர். உன் நினைவில் பாதி உன் பெற்றோர் தந்தது, மீதி நீ தேடியது என்று அதற்குப் பொருளல்ல. மதுராந்தகம் ஏரிப்பாசனத்தில் பயிரிடும் எவருக்கும் இதை விளக்குவது எளிது. ஒரே வயலில், ஒரே அளவு நீரும் எருவும் இட்டு, பல வகை நெல்லை விதையுங்கள். விளைச்சலில் வேறுபாடு இருந்தால் அது முழுவதும் விதையால் வந்ததே. அடுத்து, ஒரே விதையை மதகு நீர் பாயும் வயலிலும், வானம் பார்த்த மேட்டு நிலத்திலும் விதையுங்கள். இப்போதைய வேறுபாடு முழுவதும் நீரால் வந்தது. விதையும் மாறவில்லை, அதன் குணமும் மாறவில்லை. கணக்கு மட்டும் தலைகீழாயிற்று. சுவீடனில் அக்குழந்தைகளில் ஏறத்தாழ எல்லாருக்கும் பள்ளியும் உணவும் கிடைத்திருந்தன. அங்கே வயல் ஏறக்குறையச் சமமாக இருந்தது. அந்த எண்ணைக் கொண்டுவந்து கருங்குழியின் இரு தெருக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அளக்க முடியாது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் கவனம் நில்லாது. பசித்த வயிறு பாடத்தைப் பிடித்துவைக்காது. 1956-இல் காமராசர் மதிய உணவு தொடங்கியதும், 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்ததும் மேட்டு நிலத்துக்கு மதகு வெட்டிய செயல்களே.

வியப்புக்குரிய நினைவாற்றல் பற்றியும் நாம் சிறிது ஆராய வேண்டியதாயிற்று; ஏனெனில் "அவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு" என்று சொல்வோர் அத்தகையோரையே காட்டுவர். நம் நாட்டில் அவதானம் என்னும் கலை பழமையானது. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத் தம்பிப் பாவலர், 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்துகாட்டினார். ஒரே அமர்வில் நூறு பேர் கேட்பவற்றை மனத்தில் ஏந்தி விடையளிக்க வேண்டும்: ஒருவர் அடிக்கும் மணியோசையை எண்ண வேண்டும், முதுகில் எறியப்படுவனவற்றை எண்ண வேண்டும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும். தமிழில் அக்கலையில் வல்லவர் எந்தக் குலத்தில், எந்தச் சமயத்தில் பிறக்க வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணியிருப்போமோ, அங்கே அவர் பிறக்கவில்லை.

இன்னொருவர் சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த இராஜன் மகாதேவன். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான 'பை' என்னும் முடிவில்லா எண்ணின் 31,811 இலக்கங்களை 1981-இல் நினைவிலிருந்து சொன்னார். நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். இது பிறவி வரம் என்பது முதலில் பலரது எண்ணம். ஆனால் பொருள்களின் படங்களைக் காட்டி, அவை எங்கே எந்தப் பக்கம் திரும்பி இருந்தன என்று கேட்டபோது, சாதாரண மாணவர்களைவிட அவர் மேம்பட்டிருக்கவில்லை. இலக்கங்களுக்குப் பதில் பழக்கமில்லாத குறிகளைக் கொடுத்தபோது, மற்றவர்களைப் போல ஆறு குறிகள் அளவில் நின்றுவிட்டார். அவரது ஆற்றல் எண்களோடு நெடுங்காலம் பழகியதால் திரண்டது என்று 2004-இல் எரிக்சன் என்பவரின் குழு வாதிட்டது. அந்த வாதம் முழுமையானதா என்று நமக்குச் சிறிது ஐயம் உண்டு. அவ்வளவு ஆயிரம் எண்களோடு உறவாடும் ஆர்வமும் பொறுமையும் எங்கிருந்து வந்தன என்று மறுபடியும் கேட்கலாம் அல்லவா?

நம் தமிழகத்தில் இது ஏட்டுக் கேள்வியாக இருந்ததே இல்லை. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. பள்ளிகளில் இடம் போதாமையே காரணம் என்று அரசு கூறியது. அதிலும் உண்மை இல்லாமற்போகவில்லை. ஆயினும் மக்கள் அதைக் குலக்கல்வி என்றே பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். திட்டம் போயிற்று. ஆனால் "ஏறாது" என்னும் சொல் போகவில்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொன்ன அச்சொல்லை, இன்று அந்தத் தந்தை தம் வாயாலேயே தம் மகனுக்குச் சொல்கிறார். நாமும் குற்றமற்றவரல்லர். இளங்குருவாக இருந்த நாளில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையனை 'மக்கு' என்று அழைத்தோம். அவன் பெயர் மறந்துவிட்டது, அழைத்தது மறக்கவில்லை.

இங்கே ஒன்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. மரபணு, நினைவுகளை அடைத்துவைக்கும் பெட்டியன்று. வியன்னாவில் பிறந்த எரிக் காண்டெல், ஓடு வெளியே தெரியாத நத்தை போன்ற ஒரு கடலுயிரியை ஆராய்ந்தார். 2000-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு முறை தீண்டினால் அதன் நினைவு சில நிமிடங்களே நிற்கும். இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் தீண்டினால் நாள்கணக்கில் நிற்கும். அவ்வாறு நிற்பதற்கு, நரம்பணுவின் கருவுக்குச் செய்தி சென்று அங்கே சில மரபணுக்கள் தூண்டப்படுகின்றன. புதிய புரதங்கள் உண்டாகின்றன. நரம்புகளுக்கிடையே புதிய இணைப்புகள் முளைக்கின்றன. அப்படியானால், மரபணு நம் நினைவை ஆள்வது போலவே, நாம் திரும்பத் திரும்பக் கற்பதும் மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. பாட்டிமார் மாலைதோறும் குடும்ப செபம் சொல்லவைத்தது பக்திக்காக மட்டுமே என்று எண்ணியிருந்தோம்.

குருமடத்தில் தூங்கிக்கொண்டே படித்த ஒரு பகுதி இப்போது நமக்கு விழிப்பூட்டியது. புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில், விவேகம் என்னும் புண்ணியத்தின் ஒரு கூறாக நினைவை வைக்கிறார். அறிவின் கூறாக அன்று, புண்ணியத்தின் கூறாக. இயற்கை அதற்கு ஏற்ற தன்மையைத் தருகிறது. பயிற்சியே அதை நிறைவாக்குகிறது என்பது அவரது கருத்து. அதற்கு நான்கு வழிகளையும் சொல்கிறார்: நினைக்க வேண்டியதற்கு உருவம் கொடுத்தல், வரிசைப்படுத்தல், அதன்மேல் மனம் வைத்தல், அடிக்கடி எண்ணிப் பார்த்தல். மரபணு என்ற சொல்லே பிறவாத பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வளவு நிதானம்!

உருவம், வரிசை என்றதும் ஆலயச் சுவரிலுள்ள பதினான்கு நிலைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பையனை அழைத்து, ஒவ்வொரு நிலையின் முன்னும் நிற்கவைத்துக் கேட்டோம். இரண்டாம் வாரத்தில் பதினான்கையும் பின்னிருந்து முன்னாகவும் சொன்னான். அதைவிட வியப்பு, வழியில் அவன் ஆடுகளைக் காட்டியபோது நேர்ந்தது. ஊராரின் முப்பதுக்கு மேற்பட்ட ஆடுகளில் எது எவருடையது, எந்த ஆட்டின் குட்டி எது, அதன் தாயைப் பெற்றது எது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். நம்மால் ஞாயிறு பூசைக் கருத்தில் வரும் ஐந்து பெயர்களைச் சீட்டின்றிச் சொல்ல இயலாது. விசுவாசப் பிரமாணம் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியையின் கேள்விக்கு இப்படி எளிதாகப் பதில் கிடைக்கவில்லை. 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த மறதிநோயில் மரபணுவின் கை வலுவானது. மிக அரிதாக, நூற்றில் ஒருவருக்கும் குறைவான நோயாளிகளிடம், ஒரே மரபணுவின் பிழையே நோயைக் கொண்டுவருகிறது. கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியாப் பகுதியில் ஒரு பெருங்குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நாற்பதுகளிலேயே நினைவிழந்தனர். மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேரா வாழ்நாளெல்லாம் அவர்களோடிருந்து ஆராய்ந்தார். ஆனால் முதுமையில் வரும் நோய் அத்தகையதன்று. அபோ-ஈ என்னும் மரபணுவின் நான்காம் வகை இருந்தால் ஆபத்து கூடும் என்று 1993-இல் கண்டனர். அதன் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் இன்னும் பல மடங்கு. அதைச் சுமந்தும் நோயின்றி முதுமையடைந்து இறப்போர் உண்டு. அது இல்லாமலே நோயுறுவோரும் உண்டு. அந்தக் கொலம்பியக் குடும்பத்திலேயே ஒரு பெண்மணி, பிழையான மரபணுவைச் சுமந்தும், எழுபது வயதுக்கு மேலேதான் மறக்கத் தொடங்கினார். இன்னொரு அரிய மரபணு மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019-இல் எழுதினர். கல்வி, காது கேட்கும் திறன், இரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை போன்ற பதினான்கு காரணிகளைச் சீர்செய்தால் உலகில் மறதிநோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-இல் லான்செட் ஆய்விதழின் குழு மதிப்பிட்டது. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் ஒரு கணக்கீடு வெளிவந்தது. ஆசிரியையின் வீடு அத்தனை இலட்சத்தில் ஒன்று.

சோதித்து அறிந்துகொள்வதா, வேண்டாமா? ஜேம்ஸ் வாட்சன், மரபுப்பொருளின் முறுக்கேணி வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். 2007-இல் அவருடைய மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டபோது, அபோ-ஈ பகுதியை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டிக்கு மறதிநோய் இருந்தது. அதே 2007-இல், ஆப்பிரிக்க மக்களின் அறிவுத்திறன் பிறவியிலேயே குறைந்தது என்று பொருள்படப் பேசி, தாம் தலைமை வகித்த நிறுவனத்தில் பதவியையும் இழந்தார். பிறருடைய இரத்தத்தைப் பற்றி அத்தனை உறுதியாகப் பேசியவர், தம் இரத்தத்தைப் பற்றி ஒரு வரி அறியவும் அஞ்சினார். அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆசிரியையிடம், மருந்து இல்லாத செய்தியை விலைகொடுத்து வாங்கும் கடமை உங்களுக்கு இல்லை என்றே சொன்னோம். மருத்துவரிடம் கேட்டு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு என்றும் சொன்னோம்.

அப்போதுதான் உண்மையான கேள்வி வெளிவந்தது. பெண் பார்க்க வரும் நாளில் பாட்டியை மதுராந்தகத்தில் உறவினர் வீட்டில் விட்டுவிடலாம் என்று குடும்பத்தார் பேசி வைத்திருந்தனர். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் "பரம்பரை வியாதி" என்பார்கள். "ஒரு நாள்தானே, சாமி."

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் இவனுடையதா, இவன் பெற்றோருடையதா என்று வினவியதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். பெற்றோர் செய்த தீமைக்குப் பிள்ளைகளை ஈடு வைக்கும் பழமொழியை எசேக்கியேல் தம் பதினெட்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். இவற்றை ஞாயிறு மறையுரையில் சொல்வது எளிது. ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதன்று. எண்பது வயதில் வரக்கூடும் என்னும் ஐயத்தை இருபத்தாறு வயதுப் பெண்ணின் நெற்றியில் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. கேளாதவரிடம் அதை விளம்ப வேண்டிய நீதியும் இல்லை. அதே வேளையில், கேட்டால் பொய் சொல்லலாகாது. பாட்டியை ஒளிக்கவும் கூடாது. ஆபத்தைப் பற்றிப் பேசாதிருப்பது ஒன்று, ஓர் ஆளை இல்லாதவராக்குவது வேறு. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' பத்தாம் நூலில், நினைவைப் பெரிய மாளிகையாக வருணித்து அதனுள் கடவுளைத் தேடிச் செல்கிறார். இந்தத் தாயின் மாளிகையில் அறைகள் ஒவ்வொன்றாக இருண்டுவருகின்றன. ஆயினும் அவர் திருமுழுக்குப் பெற்ற பெயர் எவருடைய நினைவில் இருக்கிறதோ, அவர் மறப்பவரல்லர். இதைச் சொன்னபோது ஆசிரியை ஒன்றும் பேசவில்லை.

பாட்டி மதுராந்தகம் அனுப்பப்படவில்லை. உயிர்ப்பு விழாவுக்குப் பின் வந்த ஒரு ஞாயிறு மாலை மாப்பிள்ளை வீட்டார் வந்தனர். கூடத்தில் மூங்கில் நாற்காலியில் புதுச் சேலையுடன் அமர்ந்திருந்த பாட்டி, மாப்பிள்ளையின் அத்தையைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாராம். அத்தை சொன்னார். காப்பி வருவதற்குள் மறுபடியும் கேட்டார். அத்தை மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை அத்தை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தம் தகப்பனார் பெயர், ஊர், கோயில் எல்லாம் விளக்கமாகச் சொன்னாராம்.

பதில் சொல்ல இரண்டு வாரம் தவணை கேட்டுச் சென்றனர். இது நான்காவது வாரம். நம் சொல்லைக் கேட்டதால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் தவறிப்போயிற்றோ என்னும் எண்ணம், இரவில் செபநூலை மூடும்போது வந்து உட்காருகிறது. சென்ற வெள்ளியன்று நற்கருணையுடன் போயிருந்தோம். ஆசிரியை அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பாட்டி நம்மைப் பார்த்து, நாம் யாரென்று கேட்டார்.